எண்ணைப் பார்க்குமுன் பிள்ளையைப் பாருங்கள்

பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் நம் வீடுகளில் முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" என்பதுதான். டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளையின் கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டிய ஒரு வாரத்துக்குள் அந்தக் கேள்வி மாறிவிடுகிறது. "சுகர் எவ்வளவு?" பிள்ளை செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவின் கைபேசி அதன் தோளருகே போகிறது. 130 என்றால் முகம் மலர்கிறது. 280 என்றால் "மதியம் என்ன தின்ன? யார் குடுத்தா?" என்று விசாரணை தொடங்குகிறது. பிள்ளை இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. சில நாளில் கண்ணைச் சுருக்கி அம்மா முகத்தைப் பார்த்தே தன் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடும்.

சென்சாரை எங்கே ஒட்டுவது, எப்படிக் கழற்றுவது என்பதையெல்லாம் மருத்துவமனையில் சொல்லித்தருகிறார்கள். அந்த எண்களை வீட்டில் எப்போது பார்ப்பது, எப்போது பார்க்காமல் விடுவது, பார்த்தபின் வாய் திறக்கலாமா கூடாதா என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரே சென்சார் ஒரு வீட்டில் நிம்மதியைத் தருவதும் இன்னொரு வீட்டில் தினச் சண்டைக்குக் காரணமாவதும் இதனால்தான். கருவியில் வேறுபாடு இல்லை.

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் டைப் 1 பிள்ளைகளின் வீட்டில் சிறுநீரில் பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துச் சூடுபண்ணி, நீலமா பச்சையா செங்கல் நிறமா என்று பார்த்துத்தான் இன்சுலின் அளவை ஊகித்தார்கள். பிறகு குளுக்கோமீட்டர் வந்தது. நாளுக்கு நாலைந்து முறை, சில நாள் எட்டு முறை விரல் நுனியில் குத்து. இரண்டு குத்துகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற அந்தப் பயத்தைச் சென்சார் பெருமளவு குறைத்திருக்கிறது. விரல் குத்துக்கு அழுத சின்னக் குழந்தைகளுக்கு அது ஒரு விடுதலை. "லோ ஆகப் போகுது" என்று முன்கூட்டியே தெரிவதால் தைரியமாக விளையாடப் போகும் பிள்ளைகளும் உண்டு.

ஆனால் பிள்ளைகள் இதை எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்ளவில்லை. 2008-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், வாரத்தில் ஆறு நாளாவது சென்சார் அணிந்தவர்கள் 25 வயதைத் தாண்டியவர்களில் 83 சதவீதம். 8 முதல் 14 வயதுவரை உள்ளவர்களில் பாதிப் பேர். 15 முதல் 24 வயதுக்காரர்களில் 30 சதவீதம் மட்டுமே. அணிந்த பெரியவர்களின் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை) நன்றாகக் குறைந்தது. பிள்ளைகளிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அன்றைய சென்சார் பெரியது, அடிக்கடி கத்தும், சரிபார்க்க விரல் குத்தும் வேண்டும் என்பது உண்மை. இன்று கருவி எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. 14 முதல் 24 வயதுக்காரர்களை வைத்து நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், விரல் குத்திப் பார்த்தவர்களைவிடச் சென்சார் அணிந்தவர்களின் ஹெச்பிஏ1சி குறைந்தது. ஆனாலும் 2008 ஆய்வு காட்டிய அடிப்படை மாறவில்லை: கழற்றி வைத்த சென்சார் யாருக்கும் உதவாது. கழற்றுவதா அணிவதா என்பதைக் கடைசியில் பிள்ளையின் மனம்தான் முடிவுசெய்கிறது.

எண் மதிப்பெண் ஆகும்போது

நாம் மதிப்பெண்ணைப் பார்த்தே பிள்ளை வளர்க்கும் சமூகம். ஆகவே திரையில் ஓர் எண் தெரிந்தால் அதையும் மார்க் ஷீட் போலத்தான் வாசிக்கிறோம். பரீட்சைக்காவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மார்க் வரும். சென்சார் வகையைப் பொறுத்து நாளொன்றுக்கு 96 அல்லது 288 எண்கள் பதிவாகின்றன. நாள் முழுக்க மார்க் வாங்கும் பிள்ளை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "நான் இன்னிக்கு 300" என்று சொல்லும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். "என் சுகர்" என்ற இரண்டு சொல் அந்த வாக்கியத்திலிருந்து காணாமல் போயிருக்கும்.

சர்க்கரை ஏறுவதற்குத் திருட்டுத்தனமாகத் தின்ற லட்டு மட்டும் காரணமில்லை. காய்ச்சல், பரீட்சைப் பதற்றம், கிரிக்கெட்டில் கடைசி ஓவர், விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள், ஊசி போட்ட இடம் தடித்துப்போனது, வெயிலில் கெட்டுப்போன இன்சுலின், சாதத்தின் அளவைக் கணித்ததில் சிறு பிழை என்று எத்தனையோ உண்டு. பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் எண் ஏறத்தான் செய்யும். அந்த வயதில்தான் பெற்றோரின் சந்தேகமும் உச்சத்துக்குப் போகிறது. பிள்ளை உண்மை சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று ஆனபின், உண்மை சொல்வதில் அதற்கு என்ன லாபம்?

ஒரு கணக்கைப் பெற்றோர் மனப்பாடம் செய்துகொள்ளலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் இலக்கு, நாளின் 70 சதவீத நேரத்துக்கு மேல் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது. அதாவது நாளில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் அந்த எல்லைக்கு வெளியே போனாலும் பிள்ளை இலக்கில்தான் இருக்கிறது. 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள், அதாவது ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கான எல்லை வேறாக இருந்தால் மருத்துவர் சொல்வார். நாள் பூராவும் நேர்கோடு வரவேண்டும் என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது பெரும்பாலும் அப்பாக்கள்தான், அதுவும் எக்செல் அட்டவணை போடும் அப்பாக்கள்.

எண்ணை "நல்லது", "மோசம்" என்று சொல்லாமல் "ஏறியிருக்கு", "இறங்கியிருக்கு", "எல்லைக்குள்ள இருக்கு" என்று சொல்லிப் பழகுங்கள். தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லி வையுங்கள். "ஐயோ, இவ்வளவா!" என்ற அவர்களுடைய ஒரு சத்தம் போதும், நீங்கள் ஒரு மாதம் பழக்கியது வீணாகிவிடும்.

எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது

அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஆண்டர்சன் டைப் 1 பிள்ளைகளின் குடும்பங்களைப் பல ஆண்டுகள் கவனித்தவர். அவர் விவரித்த ஒரு சுழல் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். பெற்றோர் உதவத்தான் நினைக்கிறார்கள். எண் சரியாக வராதபோது கவலை அதட்டலாகிறது. பிள்ளை விலகுகிறது, மறைக்கிறது. எண் இன்னும் ஏறுகிறது, அதட்டலும் கூடுகிறது. யாருமே கெட்டவர்களில்லை, ஆனால் உதவி உதவியாகப் போய்ச் சேரவில்லை.

இதை உடைக்க எளிய வழி, கேட்கும் நேரத்தை வீட்டில் பேசி முடிவுசெய்வது. நாளுக்கு இரண்டு வேளை போதும்: உதாரணமாகக் காலை உணவுக்கு முன், இரவு படுக்கப்போகும் முன். ஊசி போடும் நேரத்தில் பார்க்கத்தான் வேண்டும், அது தனி. மற்ற நேரங்களில் அலாரம் அடித்தாலோ பிள்ளையே சொன்னாலோ ஒழிய எண்ணைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. நீங்கள் உங்கள் கைபேசியில் பார்க்கலாம். பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரம் நாக்கு துடிக்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். "என்னடா தின்ன?" என்ற கேள்விக்கு "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக இப்படிப் போகட்டும்:

"கண்ணு, மூணு மணிக்கு மேல ஏறியிருக்கே. என்ன ஆச்சுன்னு உனக்கு ஏதாவது தோணுதா?"

"பிடி பீரியட் கேன்சல் ஆயிடுச்சும்மா. விளையாடுவோம்னு நெனச்சு பிஸ்கட் தின்னுட்டேன்."

"ஓ, அதானா. சரி, திருத்தறதுக்கு எத்தனை யூனிட்னு நீ கணக்குப் போடு, நான் பாக்கறேன்."

இங்கே அம்மா காரணத்தைத் தேடினாள், குற்றவாளியைத் தேடவில்லை. அடுத்த வேலை என்ன என்பதிலும் உடனே இறங்கிவிட்டாள். பிள்ளை தின்றதை ஒப்புக்கொண்டால், சொன்னதற்குத் தண்டனை கிடையாது என்பது வீட்டின் அசையாத விதியாக இருக்கட்டும். தின்றதை மறைத்தால் இன்சுலின் கணக்கு தப்பும், ஆபத்து அங்கேதான்.

பதினான்கு நாள் பரீட்சை

வெளிநாட்டு நூல்கள் எல்லாம் பிள்ளை வருடம் முழுக்கச் சென்சார் அணிவதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. இங்கே நிலைமை வேறு. பதினான்கு நாள் ஓடும் ஒரு சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து மாதம் இரண்டு வாங்க எல்லாராலும் முடியாது. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன், ஊர்ப் பயணத்துக்கு முன், பொதுத்தேர்வு மாதத்தில் என்று அவ்வப்போது ஒன்று ஒட்டும் குடும்பங்களே அதிகம். இதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பதினான்கு நாளும் வீட்டில் இன்ஸ்பெக்ஷன் நடப்பது போன்ற சூழல் வந்துவிடுகிறது. காசு போட்டிருக்கிறோமே என்று அரை மணிக்கு ஒருமுறை ஸ்கேன். பிள்ளையும் அந்த இரண்டு வாரம் மட்டும் சப்பாத்தியும் சுண்டலுமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினைந்தாம் நாள் பரோட்டாவுக்குப் போகும். மருத்துவருக்குக் கிடைக்கும் வரைபடம் பொய்யாகிவிடுகிறது.

ஒட்டும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "இது உன்னைப் பிடிக்கறதுக்கு இல்ல, மருந்தளவு சரியான்னு பாக்கறதுக்கு. நீ எப்பவும் சாப்பிடறதையே சாப்பிடு." முடிந்தால் அந்த இரண்டு வாரத்தில் ஒரு விசேஷ நாளும் வரட்டும். பொங்கலுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வது எல்லோருக்கும் பயன்.

இன்னொன்று. சென்சார் சில நேரம் பாதியில் கழன்று விழும். கதவில் இடித்து, கபடியில் உரசி, சட்டையைக் கழற்றும்போது மாட்டி. "அத்தனை காசும் போச்சே" என்று அப்போது வாய் வரை வரும். விழுங்கிவிடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை அடுத்த சென்சாரோடு விளையாடப் போகாது. தன்னால் வீட்டுக்குச் செலவு என்ற எண்ணம் டைப் 1 பிள்ளைகளின் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேலும் சுமை வேண்டாம்.

அலாரம்

அலாரம் அடிக்கும் வகைச் சென்சார் என்றால் முதல் மாதம் அது குறைவாகவே அடிக்கும்படி வைக்கச் சொல்வேன். இறக்கத்துக்கான அலாரத்தில் சமரசம் வேண்டாம்: அது 70-ல் இருக்கட்டும், அல்லது மருத்துவர் சொன்ன எண்ணில். ஏற்றத்துக்கான அலாரத்தை 180-ல் வைத்தால் ஒவ்வொரு இட்லிக்கும் அது கத்தும். 250 அளவில் தொடங்கிப் பிறகு குறைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்நேரமும் கத்தும் அலாரத்தை மனிதக் காது ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடும், கேட்க வேண்டிய அலாரம் உட்பட.

வீணான பதற்றத்தைக் குறைக்க இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. ஆகவே ரத்தத்தில் நடப்பது அதில் தெரிய ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிந்தும். பிள்ளைக்கு லோ ஆகி, மருத்துவர் சொன்ன அளவு குளுக்கோஸ் கொடுத்தபின்னும் திரை இறக்கத்தையே காட்டும். பயந்துபோய் மேலும் மேலும் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 300. பதினைந்து நிமிடம் பொறுத்து விரலில் பாருங்கள். அடுத்தது, சென்சார் உள்ள கை அடியில் போகும்படி படுத்தால் அழுத்தத்தால் பொய்யான லோ காட்டும். நடுராத்திரி அலாரம் அடித்தால் பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைத்து விரலில் ஒருமுறை சரிபாருங்கள். மாறாக, திரையில் எண் சரியாக இருந்தும் பிள்ளை வியர்த்து நடுங்கினால், குழறிப் பேசினால் எண்ணை நம்பாதீர்கள். உடனே சர்க்கரை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பள்ளியும் பார்ப்பவர்களும்

பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளைகள் கைபேசி கொண்டுவரக் கூடாது. ஸ்கேன் செய்து பார்க்கும் வகைச் சென்சார் கடைசி எட்டு மணி நேரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். கிளம்பும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை ஸ்கேன் செய்தால் பள்ளி நாள் ஏறக்குறைய முழுசாகப் பதிவாகிவிடும். பாதுகாப்புக்குப் பையில் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் இருக்க வேண்டும், வகுப்பாசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. 2017-லேயே டைப் 1 மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக அனுமதி தந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல், வகுப்பில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் இடைப்பலகாரம் சாப்பிடவும் இந்தப் பிள்ளைகளை அனுமதிக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. தலைமையாசிரியரிடம் பேசும்போது இவை கைகொடுக்கும்.

கையில் அது என்ன என்று பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்பார்கள். பிள்ளைக்கு ஒரு வரிப் பதிலைப் பழக்கி வையுங்கள்: "இது சுகர் பாக்கற மெஷின், அண்ணா." அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் அதன் விருப்பம். பெண்பிள்ளைகள் விஷயத்தில் "நாளைக்கு வரன் பாக்கணும், வெளிய தெரிய வேண்டாம்" என்று ஆறாம் வகுப்பிலேயே முழுக்கை போட்டுவிடும் வீடுகள் இருக்கின்றன. அந்தக் கவலைக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது தன் உடம்பு வெட்கப்பட வேண்டிய ஒன்று என்பதைத்தான். மறைத்து வாழும் பிள்ளை லோ ஆகும்போதும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாது. டென்னிஸ் வீரர் அலெக்ஸாண்டர் ஸ்வெரெவுக்கு நான்கு வயதில் டைப் 1 வந்தது. அதை அவர் வெளியே சொன்னது 2022-ல்தான். மறு வருடம் பிரெஞ்சு ஓபனில், ஆடுகளத்தில் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்று அதிகாரிகள் சொன்னபோது அதை எதிர்த்து வெளிப்படையாகவே பேசினார். கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமும் நீரிழிவோடு பல ஆண்டு பந்து வீசியவர். இவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லலாம். "அவரைப் பாரு, நீ ஏன் இப்படி" என்று மட்டும் முடிக்காதீர்கள்.

வயதுக்கு ஏற்ப

ஐந்தாறு வயதுக் குழந்தைக்குப் பயம் ஒட்டும் அந்த ஒரு நொடிதான். எந்தக் கை, எந்தக் கிழமை என்று அதுவே தேர்ந்தெடுக்கட்டும், பொம்மைக்கும் ஒரு பிளாஸ்திரி ஒட்டுங்கள், "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். இந்த வயதில் மனச்சுமை பெற்றோருக்குத்தான் அதிகம். எட்டு வயதுக்குக் குறைவான பிள்ளைகளிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சென்சாரோடு பெற்றோருக்கு ஆலோசனையும் தரப்பட்ட குடும்பங்களில் பெற்றோரின் சுமையும் லோ பற்றிய பயமும் குறைந்தன. ராத்திரி முறையை அம்மா மட்டும் பார்க்காமல் அப்பாவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பதின்ம வயது வேறு உலகம். 2013-ல் நியூயார்க் மாநிலத்துப் பொறியாளர் ஜான் காஸ்டிக், நான்கு வயது மகனின் சர்க்கரையை அலுவலகத்திலிருந்தே பார்ப்பதற்காகச் சென்சாரின் எண்களை இணையத்துக்கு ஏற்றினார். தொலைவிலிருந்து பார்க்கும் பழக்கம் அப்படி ஒரு தகப்பனின் பயத்திலிருந்து வளர்ந்தது. நான்கு வயதுக்கு அது பாதுகாப்பு. பதினாறு வயதுக்காரனுக்கு, நண்பர்களோடு டீக்கடையில் நிற்கும்போது "என்ன, 220 காட்டுது?" என்று வரும் போன் அவமானம். எண்ணை யார் யார் பார்க்கலாம் என்று அவனையே கேட்டு எழுதி வையுங்கள். சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் அது தேவையில்லை. 70-க்குக் கீழே போனால் மட்டும் அழைப்பேன், மூன்று ரிங்கில் நீ எடுக்க வேண்டும் என்பது போன்ற ஒப்பந்தம் பல வீடுகளில் ஓடுகிறது. அவன் கேட்காத வரை பொறுப்பு முழுவதையும் அவன் தலையில் தூக்கிப் போட்டுவிட்டு ஒதுங்குவதும் தப்பு.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். லோ பயத்தால் வேண்டுமென்றே சர்க்கரையை 200-க்கு மேலேயே வைத்துக்கொள்வது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்வது, எண் பார்க்காமல் ஒரு வாய் சாப்பிட மறுப்பது, எடை குறைய வேண்டும் என்று இன்சுலினை விடுவது, தூக்கமின்மை, பேச்சுக் குறைவது, "எதுக்கு இதெல்லாம்" என்ற சலிப்பு. மருத்துவரிடம் எண்களோடு இதையும் சொல்லுங்கள், மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்சுலினை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு அன்றே உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

ஒருநாள் பிள்ளை "எனக்குச் சென்சார் வேண்டாம்" என்று சொல்லும். பெரும்பாலும் சொல்லும். தோல் அரிக்கிறதா, அலாரம் எரிச்சலா, யாராவது கிண்டல் செய்தார்களா, வீட்டு விசாரணை தாங்கவில்லையா என்று கேளுங்கள். அரிப்புக்கு வேறு ஒட்டு, வேறு இடம் உண்டு. மற்றவற்றுக்கும் வழி இருக்கும். வெறுமனே அலுப்பு என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒன்றிரண்டு வாரம் ஓய்வு கொடுக்கலாம். சென்சாரோடு இணைந்து தானாக ஓடும் இன்சுலின் பம்ப் அணியும் பிள்ளைக்கு மட்டும் மாற்று ஏற்பாடு முடிவான பிறகே கழற்ற வேண்டும். ஓய்வு நாட்களில் நாளுக்கு ஆறு முறையாவது விரலில் பார்ப்பது, ராத்திரி ஒருமுறை நீங்கள் பார்ப்பது, மறுபடி எந்தத் தேதியில் ஒட்டுவது ஆகிய மூன்றையும் கழற்றும் முன்பே பேசி நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். தேதியைப் பிள்ளையே எழுதட்டும்.